என்ன தொந்தரவு என்ற கட்டம்

பதிவேட்டில் பெயருக்கு ஒரு கட்டம்,
நேரத்துக்கு ஒன்று,
மூன்றாவது கொஞ்சம் அகலம்: என்ன தொந்தரவு.
பதினோரு வருஷமாக நிரப்புகிறேன்.
இடுப்பு. இடுப்பு. கழுத்து. இடுப்பு.

கோர் ஊரில் டிசம்பர் என்றால் ரோமம் வெட்டும் காலம்.
நாளுக்கு முந்நூறு ஆடு,
ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும்.
நனைந்த ஆட்டை வெட்டமாட்டார்கள்,
அதனால் மழைநாளில்தான் எங்களுக்குக் கூட்டம்.
ராவிரி உள்ளே வருவது
தரையில் காசு தொலைத்தவர் வருவதுபோல இருக்கும்.
அவர் எழுந்து போன பிறகும்
கம்பளிக் கொழுப்பின் வாடை
நாற்காலியை விட்டுப் போக மூன்று நாள் ஆகும்.

மெல்லிய பலகைச் சுவர்.
அந்தப் பக்கம் இஷ்பெல், "மூச்சை விடுங்கள்" என்பாள்.
பிறகு அது கேட்கும்,
காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல.
புதிதாக வந்தவர்கள் பத்திரிகையிலிருந்து நிமிர்வார்கள்.
எலும்பு இல்லைங்க, என்பேன்,
மூட்டுக்குள் நீரில் ஒரு குமிழி.
விரலில் நெட்டி முறிப்பீர்களே, அதேதான்,
விலைதான் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கடைசி வரி இஷ்பெலுக்குப் பிடிக்காது.

ஒன்பது வயது ஆர்லாவைத் தலைவலி என்று கூட்டிவந்தார்கள்.
கழுத்தைத் திருப்புவாள் என்று பார்த்தால்
ஜன்னலுக்குத் திருப்பினாள்:
"எதிரே தீவனக் கடைப் பலகையைப் படி."
ஆர்லா படித்தது
அந்தப் பலகையில் இல்லாத ஏதோ.
தலைவலியை அடித்துவிட்டு
கண்ணாடி என்று எழுதினேன்.

வியாழன் கடைசி நேரம், நான்கு நாற்பது.
ப்ரையோனி, மழைக்கோட்டுக்குள் ஆறு வாரத்து ஓட்டிஸ்.
தொந்தரவு: அழுகை.
முதுகை நிமிர்த்தினால் நின்றுவிடும் என்று
யாரோ சொன்னார்களாம்.
இஷ்பெல் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்,
உச்சிக்குழியைத் தடவினாள், எடை போட்டாள்,
தொடைகளை விரித்து மடக்கினாள்.
ஜுரம் இல்லை. பால் குடிக்கிறான்.
"இவன் முதுகில் எனக்கு வேலை இல்லை.
இருக்கிறது என்று சொன்னால்
அது உன் பணத்துக்காகச் சொல்வது.
நாளைக்குக் காலையில் குழந்தை டாக்டரிடம் காட்டு."

ப்ரையோனி அழவில்லை.
வெள்ளைத்தாள் விரித்த அந்தப் படுக்கையையே பார்த்தாள்,
முகம் வைக்க ஓட்டை போட்ட படுக்கை.
கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்டதற்கு
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் எண்ணிக்கையைத் தொலைத்தாள்.

கதவு சாத்தியது. ஓட்டிஸ் என் கையில்.
நான் சுள்ளிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.
வரவில்லை.
கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது,
ஆறடி ஆள் விடுகிற குறட்டை.

ஹீட்டருக்கும் குடைத்தொட்டிக்கும் நடுவே நடந்தேன்.
என் உள்ளங்கைக்குக் கீழே அவன் முதுகு
பட்டாணி நெற்றில் மணிகள்போல.
அவன் தன் வேலையை
ஒரு நிமிஷம் குறைக்காமல் செய்தான்.

வெள்ளிக்கிழமை என்பதை வியாழன் என்று நினைத்து
ராவிரி வந்தார்.
எதுவும் கேட்கவில்லை, கையை நீட்டினார்.
நிமிராத அந்த இடுப்பு,
முன்னால் சரிந்த அந்த மார்பு,
குழந்தைக்கென்று யாரோ வளைத்துவைத்ததுபோல் இருந்தது.
அழுகை நின்றது என்று எழுத ஆசைதான்.
நிற்கவில்லை. ஒரு கியர் இறங்கியது.

ஐந்தரைக்கு ப்ரையோனி வெளியே வந்தாள்,
முகத்தைச் சுற்றி ஓட்டையின் வட்டத் தழும்பு.
கட்டணம் போடாதே என்றாள் இஷ்பெல்.
அழுகையை நான் அடிக்கவில்லை,
அது அங்கேயேதான் இருந்தது, கோட்டுக்குள்.
அதன்கீழே தாயின் பெயரைச் சேர்த்து
மூன்றாவது கட்டத்தின் மேல் பேனாவோடு நின்றேன்.

"இடுப்பு என்று போடு," என்றார் ராவிரி,
"எல்லாருக்கும் அதுதானே."

போட்டேன்.